அலி பின் அபுவுக்கு ஒன்றும் ஆகவில்லை

திருநாவுக்கரசு அண்ணன் பொய் சொல்கிறார் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். சென்டரில் வேலை செய்தவர்கள் மட்டுமல்ல, அவர் மனைவி ரமணி அக்காவும் அப்படித்தான் நினைத்தார். அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "நான் தண்ணி குடிக்கல."

இரண்டு சிறுநீரகமும் போனவர் அவர். வாரத்தில் மூன்று நாள் எங்கள் டயாலிசிஸ் சென்டருக்கு வந்து, கையில் இரண்டு ஊசி குத்திக்கொண்டு, இயந்திரம் ரத்தத்தைக் கழுவி, உடம்பில் தேங்கிய தண்ணீரை இறைத்து முடிக்கும்வரை நாற்காலியில் சாய்ந்து கிடக்க வேண்டும். அப்படிப்பட்டவர்களுக்கு மூத்திரம் போகாது. குடித்த தண்ணீர் உடம்பிலேயே நிற்கும். காலில் நிற்கும், வயிற்றில் நிற்கும், மிஞ்சினால் நெஞ்சுக்குள் ஏறும். அதனால் ஒரு நாளைக்கு இரண்டு கிளாஸ், அதற்கு மேல் தொடக்கூடாது என்பார்கள். பினாங்கு வெயிலில் இரண்டு கிளாஸ் தண்ணீரில் ஒரு நாளை ஓட்டிப் பாருங்கள், தெரியும்.

சுங்கை பினாங் பக்கம் ஒரு கடைவீட்டின் கீழ்த்தளத்தில் இருக்கிறது எங்கள் சென்டர். எனக்கு அங்கே இன்ன வேலை என்று கிடையாது. தரை துடைப்பேன், உப்பு மூட்டை தூக்குவேன், நடக்க முடியாதவர்களைச் சக்கர நாற்காலியில் தள்ளி வருவேன், தராசில் ஏற்றி எடையைச் சத்தமாகச் சொல்வேன். நர்ஸ் எழுதிக்கொள்வார். எவ்வளவு இறைக்க வேண்டும் என்று கணக்குப் போடுவது அவர்கள் பாடு. அதற்கு ஒரு எண் வைத்திருப்பார்கள், டிரை வெயிட் என்று. உடம்பில் மிச்சத் தண்ணீர் இல்லாதபோது ஒருவர் எத்தனை கிலோ இருக்க வேண்டுமோ அதுதான் அது. வந்த எடையில் இருந்து அந்த எண்ணைக் கழித்தால் இறைக்க வேண்டிய தண்ணீர். இவ்வளவுதான் எனக்குத் தெரியும். கதைக்கும் இவ்வளவு தெரிந்தால் போதும்.

அண்ணனும் நானும் ஒரே பிளாட். அவர் எனக்கு மேல்மாடி. பிறை டவுனில் கண்டெய்னர் லோரி ஓட்டியவர், வாய் சும்மா இருக்காது. தராசில் ஏற்றும்போதெல்லாம், "பிச்சை, கொஞ்சம் கொறச்சுச் சொல்லுலா, பக்கத்துல சீனப் பாட்டி கேட்டுக்கிட்டு இருக்கு," என்பார்.

அவருடைய எண் அறுபத்திரண்டு. டாக்டர் அம்மா மாதம் ஒருமுறை வருவார். அந்த மாதம் வந்தவர் அண்ணனின் கையைப் பிடித்துப் பார்த்தார், தோளை அமுக்கிப் பார்த்தார். "உங்க சதை கரைஞ்சிருக்கு. அறுபத்திரண்டு இனிமே பொருந்தாது. ஐம்பத்தொன்பது வைக்கலாம்," என்றார்.

"மூனு கிலோ எங்க போச்சு டாக்டர்?"

"நீங்க ஒழுங்காச் சாப்பிடல."

"சாப்பிடுறேன் டாக்டர். சமைக்கிறது ரமணி. அதுல ஒடம்புல ஒட்டுறதுக்கு என்ன இருக்கு?"

நூர் ஃபாத்திஹா என்ற இளம் நர்ஸ் சிரித்துக்கொண்டே அந்த எண்ணைக் கம்ப்யூட்டரில் மாற்றினாள். நான் அவள் மேசைக்கு அடியில் துடைத்துக்கொண்டிருந்தேன். எதைத் தட்டினாலும் வாய்விட்டுச் சொல்லித் தட்டுகிற பழக்கம் அவளுக்கு. "லிமா புலோ செம்பிலான்," ஐம்பத்தொன்பது என்று சொன்னாள். "சிம்பான்" என்றாள். சேமிப்பதற்கு மலாயில் அதுதான் சொல். திரையில் பச்சைப் பெட்டி ஒன்று வந்தது, சேமித்தாயிற்று என்று. அதையும் வாசித்தாள்.

அதற்கு முந்தின மாதம்தான் புது புரோகிராம் போட்டிருந்தார்கள். நோயாளிகளின் பழைய அட்டைகளைக் கட்டி ஸ்டோரில் அடுக்கியது நான்தான். இனிமேல் கம்ப்யூட்டரில் என்ன இருக்கிறதோ அதுதான் சட்டம், கையால் எழுதி ஒட்டுகிற வேலை எல்லாம் கூடாது என்று மேனேஜர் மோகனராஜ் கூட்டம் போட்டுச் சொல்லியிருந்தார். அந்த வாரமே நூர் ஃபாத்திஹாவைச் சாயங்கால ஷிப்டுக்கு மாற்றினார்கள். அண்ணன் காலை ஷிப்ட்.

பிறகு அண்ணன் வீங்க ஆரம்பித்தார்.

முதலில் காலில். செருப்பு வார் பதிந்த தடம் அப்படியே நின்றது. அப்புறம் முகம். படிக்கட்டில் நின்று மூச்சு வாங்கினார். காலையில் வரும்போது அறுபத்து நாலு இருப்பார், இறைத்து முடித்துப் போகும்போது அறுபத்திரண்டு. நர்ஸ்களுக்கு அதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை. இலக்கு அறுபத்திரண்டு, ஆள் அறுபத்திரண்டில் இறங்கிப் போகிறார், வேலை முடிந்தது.

அடுத்த மாதம் டாக்டர் அம்மா வந்தார். அவர் கையில் அவருடைய சொந்தக் குறிப்பு இருந்தது, அதில் ஐம்பத்தொன்பது. அன்றைக்கு அண்ணன் வந்த எடை அறுபத்து நாலு. டாக்டர் கழித்துப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"அஞ்சு லிட்டர். ரெண்டு நாள்ல அஞ்சு லிட்டர் குடிச்சிருக்கீங்க."

"இல்ல டாக்டர்."

"மெஷினால ஒரே தடவையில இவ்வளவு எடுக்க முடியாது. அதனாலதான் நீங்க எறங்கவே மாட்டேங்கிறீங்க. இப்படியே போனா இதயம் நின்னுடும்."

"நான் குடிக்கல டாக்டர்."

டாக்டர் ரமணி அக்காவைப் பார்த்தார். அக்கா அன்று லீவு போட்டு வந்திருந்தார். பாயான் பாருவில் ஒரு பேக்டரி கேண்டீனில் வேலை அவருக்கு. பகலெல்லாம் அண்ணன் வீட்டில் தனியாகத்தான் இருப்பார். டாக்டர் கேட்காமலே அக்காவுக்குக் கேள்வி புரிந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டார்.

டாக்டர் போன பிறகு காலை ஷிப்ட் நர்ஸ் ஒருத்தி மற்றவளிடம் மெல்லச் சொன்னாள். "இந்த இந்தியப் பேஷண்டுங்களே இப்படித்தான். சொன்னாக் கேக்க மாட்டாங்க. அந்த வயசான அம்மாவுக்கும் இப்படித்தானே கால் வீங்குது." என் காதில் விழுந்தது. எனக்குக் கோபம் வரவில்லை. நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று முதல் மேல்மாடியில் சண்டை. சைக்கிள் பூட்டும் சங்கிலி ஒன்றை வாங்கி ஐஸ்பெட்டியைச் சுற்றிப் பூட்டினார் ரமணி அக்கா. சமையலறை பைப்பின் தலையைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். இருமல் மருந்து பாட்டிலின் மூடியில் அளந்து தண்ணீர் கொடுத்தார். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அண்ணனே லிப்டில் வைத்துச் சொல்வார்.

"கக்கூஸ் பைப்ப மட்டும் விட்டு வச்சிருக்கா. அதக் குடிக்கிறேனா இல்லையான்னு பாக்க வாளியில கோடு போட்டுட்டுப் போறா. கழுவாமலா இருக்க முடியும்? கழுவினா தண்ணி கொறையுது. கொறஞ்சா குடிச்சேங்கிறா."

"குடிக்கிறீங்களாண்ணே? எங்கிட்ட சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார். லிப்ட் கதவு திறந்து மூடியது, இறங்காமலே நின்றோம்.

"நீயுமா பிச்சை," என்றார். அதற்குப் பிறகு என்னிடமும் கிண்டல் பேசுவதை விட்டுவிட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் பிளாட்டின் கார் நிறுத்துமிடத்து ஓரத்தில் இருக்கும் முனீஸ்வரர் கோயிலுக்கு அக்கா அவரை இழுத்துப் போனார். கற்பூரம் ஏற்றினார். "அடிச்சு அணைங்க. குடிக்கலன்னு சொல்லி அணைங்க," என்றார். அண்ணன் சாமி விஷயத்தில் விளையாட மாட்டார், அது எல்லோருக்கும் தெரியும். உள்ளங்கையால் அடித்துக் கற்பூரத்தை அணைத்தார். "கொடுத்ததுக்கு மேல ஒரு சொட்டு குடிச்சிருந்தா என்னய எடுத்துக்க," என்றார். பேட்மிண்டன் ஆடிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அக்கா அன்று இரண்டு கிளாசுக்கு மேல் கால் கிளாஸ் அதிகம் கொடுத்தாராம்.

மறுநாள் சனிக்கிழமை. தராசில் ஏற்றினேன். அறுபத்து நாலரை. நான் சத்தமாகச் சொன்னேன், அது என் வேலை. வாசலில் நின்ற அக்கா அதைக் கேட்டார். அண்ணனின் பையை நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். முனி முன்னால் பொய் சத்தியம் செய்கிற ஆள் இனி எதைத்தான் செய்ய மாட்டான் என்று அன்று மாலை என் வீட்டுக்காரியிடம் சொல்லி அழுதிருக்கிறார்.

அடுத்த வாரம் காலை ஷிப்டில் ஒருத்திக்குக் காய்ச்சல் என்று நூர் ஃபாத்திஹா வந்தாள். அண்ணனின் பக்கத்தைத் திறந்தவள் அப்படியே நின்றாள்.

"பாக்சிக், இவருக்கு டாக்டர் திரும்ப அறுபத்திரண்டு ஆக்கினாங்களா?" என்று என்னிடம் கேட்டாள். மலாய்ப் பிள்ளைகள் என்னைப் பெரியப்பா மாதிரி பாக்சிக் என்றுதான் கூப்பிடுவார்கள்.

எனக்கென்ன தெரியும். ஆனால் ஐம்பத்தொன்பது என்று அவள் வாய்விட்டுச் சொன்னது ஞாபகம் இருந்தது. சொன்னேன். அவள் முகம் வெளுத்தது. தான்தான் சேமிக்க மறந்துவிட்டதாக நினைத்தாள். மறுபடி ஐம்பத்தொன்பது தட்டினாள், சிம்பான் அழுத்தினாள், பச்சைப் பெட்டி வந்தது. போனை எடுத்துத் திரையைப் படம் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு இயந்திரத்தில் கொஞ்சம் கூடுதலாக இறைக்க வைத்தாள். அண்ணனுக்கு அன்று நன்றாக மூச்சு வந்தது. போகும்போது, "இந்தப் புள்ளயோட கை ராசியான கை," என்றார்.

அண்ணன் அடுத்த முறை வந்தபோது கம்ப்யூட்டரில் மறுபடி அறுபத்திரண்டு.

அவள் மோகனராஜிடம் போனாள். கதவு திறந்திருந்தது, நான் பஞ்சு பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தேன்.

"நான் சேமிச்சேன் பாஸ். படம் இருக்கு."

"இது நீ தட்டினதுக்குப் படம். சேமிச்சதுக்குப் படமா?"

"பச்சைப் பெட்டி வந்துச்சு."

"எல்லாருக்கும் சேமிக்குது, உனக்கு மட்டும் சேமிக்கலயா? ஒன்னு நீ மறந்திருப்ப, இல்ல பின்னால வந்தவ மாத்தியிருப்பா. கம்பெனிக்குப் போன் பண்றேன். அதுவரைக்கும் கம்ப்யூட்டர்ல இருக்கிறதப் பாத்து வேலை செய்யுங்க. ஆளாளுக்கு ஞாபகத்துல இருந்து எண் சொன்னா நாளைக்கு யாரு பொறுப்பு?"

புரோகிராம் விற்ற கம்பெனியில் இருந்து யசோதரன் என்றொருவர் வந்தார். மெலிந்த ஆள், தோளில் கறுப்புப் பை, பாதித் தூக்கத்தில் எழுந்து வந்த மாதிரி கண். நூர் ஃபாத்திஹாவின் நாற்காலியில் உட்கார்ந்து புதிதாக ஒரு நோயாளியின் பக்கத்தைத் திறந்தார். பெயர் என்ற இடத்தில் அலி பின் அபு என்று போட்டார். டிரை வெயிட் எழுபது. சேமித்தார், மூடினார், திறந்தார். எழுபது இருந்தது. அறுபத்தெட்டாக மாற்றினார், மூடினார், திறந்தார். அறுபத்தெட்டு. இன்னொரு கம்ப்யூட்டரிலும் அதையே செய்தார். அலி பின் அபு சொன்னபடி கேட்டான்.

"எல்லாம் ஓடுதே," என்றார். மோகனராஜ் நூர் ஃபாத்திஹாவைப் பார்த்தார். "பழகலன்னா இப்படித்தான், கவலைப்படாதீங்க," என்று அவளுக்கு ஆறுதல் சொல்லிவிட்டு யசோதரன் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அவள் ஒரு துண்டுக் காகிதத்தில் ஐம்பத்தொன்பது என்று எழுதி அண்ணனின் இயந்திரத்தில் ஒட்டிவிட்டுச் சாயங்கால ஷிப்டுக்குத் திரும்பினாள். சோதனைக்கு அதிகாரிகள் வருகிறார்கள், இயந்திரத்தில் காகிதம் எதுவும் இருக்கக்கூடாது என்று மோகனராஜ் சொன்னார். எல்லா இயந்திரத்தையும் துடைத்துக் காகிதங்களை உரித்தார்கள்.

சனிக்கும் செவ்வாய்க்கும் இடையில்தான் டயாலிசிஸ்காரர்களுக்கு நீண்ட இடைவெளி. அந்தத் திங்கட்கிழமை மத்தியானம் அண்ணனுக்கு மூச்சு நின்றுபோகிற மாதிரி ஆகிவிட்டது. வாயில் நுரை. பக்கத்து வீட்டுக்காரர் ஆம்புலன்ஸ் கூப்பிட்டார். நெஞ்சு முழுக்கத் தண்ணீர் என்று அரசாங்க ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். போகும் வழியிலேயே இதயம் ஒருமுறை நின்று, அமுக்கி அமுக்கி ஓட வைத்திருக்கிறார்கள். குழாய் போட்டு ஐசியுவில் படுக்க வைத்தார்கள்.

ஆஸ்பத்திரி டாக்டர் சென்டருக்குப் போன் போட்டு டிரை வெயிட் என்ன என்று கேட்டார். காலை நர்ஸ் அறுபத்திரண்டு என்றாள். டாக்டர் அம்மாவுக்கும் போன் போட்டார்கள். அவர் ஐம்பத்தொன்பது என்றார். அப்போதுதான் இரண்டு எண்ணும் முதல் முறையாக ஒன்றையொன்று சந்தித்தன.

புதன்கிழமை யசோதரன் மறுபடி வந்தார். இந்த முறை தூக்கம் இல்லை அவர் கண்ணில். மோகனராஜ் பின்னால் நின்றார். நூர் ஃபாத்திஹாவையும் வரச் சொல்லியிருந்தார்கள், அவளை வைத்து விசாரிப்பதற்காக. அவளுக்குக் கான்ட்ராக்ட் வேலைதான். அழுது முடித்துவிட்டு வந்திருந்தாள். அவர்கள் மலாயில் பேசினார்கள். நான் தமிழில் எழுதுகிறேன்.

யசோதரன் மறுபடி அலி பின் அபுவைத் திறந்தார். எழுபத்தைந்து. சேமித்தார், மூடினார், திறந்தார். இருந்தது. அறுபது. இருந்தது. மோகனராஜ் பெருமூச்சு விட்டார்.

"அந்த அலியைக் கொஞ்சம் விடுங்க," என்றாள் நூர் ஃபாத்திஹா. குரல் உடைந்திருந்தது. "எத்தனை தடவைதான் அவனுக்கே போடுவீங்க? அவன் எங்க பேஷண்டா? உங்க சொந்தப் பேரைப் போட்டு உங்களுக்கு இறைச்சுப் பாருங்க."

எரிச்சலில் சொன்னாள், அவ்வளவுதான். அவருக்கும் வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை போலும், தட்டினார். எங்கள் ஆட்களுக்கு அடையாளக் கார்டில் எப்படிப் பெயர் இருக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நம் பெயர், அப்புறம் ஏ, ஒரு சாய்ந்த கோடு, எல், அப்புறம் அப்பா பெயர். இன்னாருடைய மகன் என்று அர்த்தம். மகள் என்றால் ஏ, கோடு, பி. மலாய்க்காரர்களுக்கு அந்த இடத்தில் பின், பிந்தி. சீனர்களுக்கு ஒன்றும் கிடையாது. பள்ளிக்கூடம் முதல் சுடுகாடு வரைக்கும் அந்தக் கோடு எங்கள் கூடவே வரும். யசோதரன் தன் பெயரைத் தட்டினார், கோட்டைத் தட்டினார், அப்பா பெயர் கனகசுந்தரம் என்று தட்டினார். எடை எழுபது. சேமித்தார். பச்சைப் பெட்டி வந்தது. மூடினார். திறந்தார்.

அப்படி ஒரு ஆளே இல்லை.

அவர் மறுபடி தட்டினார். மறுபடி பச்சைப் பெட்டி, மறுபடி ஆள் இல்லை. கோட்டை எடுத்துவிட்டுத் தட்டினார். வந்துவிட்டார். பெயரில் கோட்டைச் சேர்த்துவிட்டு எடையை மாற்றிச் சேமித்தார். எழுபது எழுபதாகவே நின்றது, எதை மாற்றினாலும் மாறவில்லை.

பிறகு எல்லாக் கம்ப்யூட்டரும் போய்ச் சேர்கிற, அலமாரிக்குள் இருந்த பெரிய பெட்டிக்குள் தன் திரை வழியாக நுழைந்து என்னவோ தேடினார். வரிவரியாகச் சின்ன எழுத்துகள் ஓடின. ஒவ்வொரு வரியிலும் தள்ளிவிடப்பட்டது என்று இருந்ததாம். புது புரோகிராம் போட்ட நாளில் இருந்து அங்கே கிடந்திருக்கிறது. யாரும் திறந்து பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று யாருக்கும் சொல்லவும் இல்லை.

"என்னதான் பிரச்சனை?" என்றார் மோகனராஜ்.

"முன்னால நீங்க பாக்கிறது நாலாம் பதிப்பு. இங்க இருந்து வாங்கி உள்ள கொண்டுபோய் வைக்கிற பாகம் மூனாம் பதிப்பு. ரெண்டும் சேந்து மாறியிருக்கணும். ஒன்ன மாத்திட்டு ஒன்ன விட்டுட்டாங்க."

"அதுக்கும் பேருக்கும் என்ன?"

"பழைய திரை பேஷண்ட் நம்பரோட மாத்தத்த மட்டும் அனுப்பும். புதுசு முதல் பக்கத்துல எதைத் தொட்டாலும் பேரையும் சேத்து அனுப்புது. மூனாம் பதிப்புக்கு அந்தக் கோடு பேருக்குள்ள வரும்னு தெரியாது. அங்கேயே பேர் முடிஞ்சுபோச்சுன்னு நெனச்சு, மிச்சம் புரியாம மொத்தத்தையும் தூக்கிப் போட்டுடுது. ஆரம்பத்துல உங்க பேஷண்டுகள மொத்தமா ஏத்தினது வேற வழி, அதனால பேரு மட்டும் உள்ள இருக்கு."

"அப்ப சேமிச்சாச்சுன்னு ஏன் சொல்லுது?" என்று கேட்டாள் நூர் ஃபாத்திஹா.

"அது திரை சொல்றது. அனுப்பிட்டேன்னுதான் அதுக்கு அர்த்தம். போய்ச் சேந்துச்சான்னு அது கேக்கல."

"அனுப்பிட்டேன்னா அனுப்பிட்டேன்னு எழுத வேண்டியதுதானே. சேமிச்சேன்னு ஏன் எழுதினீங்க?"

யசோதரன் தன் பெயர் போட்ட பக்கத்தை அழித்தார்.

யார் யாருடைய முதல் பக்கத்தில் மாற்றம் சேராமல் போயிருக்கிறது என்று பார்த்தார்கள். எல்லாம் எங்கள் ஆட்கள். ஒருவருக்குப் போன் நம்பர், ஒருவருக்கு வீட்டு விலாசம். கால் வீங்கிக்கொண்டிருந்த அந்த அம்மாவுக்கு டிரை வெயிட். தினசரி எடையும் ரத்த அழுத்தமும் வேறு பக்கத்தில், நம்பரை வைத்துப் போகிறதாம். அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

யசோதரனுக்கு நான் பால் விடாத டீ, தே ஓ ஒன்று வாங்கி வந்து வைத்தேன். பழைய பாகத்தைத் தூக்கிவிட்டுப் புதியதைப் போட்டார். தே ஓ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. இவ்வளவுதான் வேலை. நூர் ஃபாத்திஹா திருநாவுக்கரசு அண்ணனின் பக்கத்தைத் திறந்து ஐம்பத்தொன்பது தட்டினாள். மூடித் திறந்தாள். நின்றது. அவள் வாய்விட்டு எதுவும் சொல்லவில்லை.

மோகனராஜ் எங்களை அறைக்குள் கூப்பிட்டார். "சிஸ்டம் அப்டேட் ஆயிடுச்சு. குடும்பத்துக்கிட்ட பேச வேண்டியத சென்டர் கமிட்டி பேசும். யாரும் வெளியே வாய் விடாதீங்க. பிச்சை, உங்களுக்கும்தான்."

"சரி," என்றேன்.

மத்தியானம் பார்வை நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஐசியு வெளியே நடைவழியில் ரமணி அக்கா உட்கார்ந்திருந்தார். கேண்டீன் சட்டையையே மாற்றவில்லை.

"பசியாறினீங்களாக்கா?"

"ம். டாக்டர் சொல்லிட்டாங்க தம்பி. இதயம் விட்டுப் போச்சாம். சொந்தக்காரங்களுக்குச் சொல்லிடுங்கன்னாங்க." கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார். "இங்க வந்ததும் எவ்வளவு தண்ணி எடுத்தாங்க தெரியுமா? நான் பூட்டிப் பூட்டி வச்சும். எங்க போய்க் குடிச்சாருன்னே தெரியல. கடைசி வரைக்கும் குடிக்கல குடிக்கலன்னு ஒரே பொய்."

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் ஆரம்பித்தேன். நாலாம் பதிப்பு, மூனாம் பதிப்பு என்பதெல்லாம் என் வாயில் சரியாக வரவில்லை. டாக்டர் எண்ணைக் குறைத்தது, அது உள்ளே போய்ச் சேராதது, ஒவ்வொரு முறையும் மூன்று கிலோ தண்ணீரை இறைக்காமலே அண்ணனை வீட்டுக்கு அனுப்பியது, பெயரில் இருக்கும் கோடு, எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா குறுக்கே பேசாமல் கேட்டார்.

"கம்பெனிக்காரர் மொதல்ல வந்தப்ப அலின்னு ஒரு பேரப் போட்டுப் பாத்தாருக்கா. அதுக்கு எல்லாம் சரியா இருந்துச்சு. அதான் கண்டுபிடிக்கல."

"யாரு அலி?"

"அப்படி யாரும் இல்ல. சோதனைக்குப் போடுற பேரு."

"அவனுக்கு ஒன்னும் ஆகலயா?"

"ஆகலக்கா."

அவர் எதிர்ச் சுவரைப் பார்த்தார். ஒரு அட்டெண்டர் காலிக் கட்டில் ஒன்றைத் தள்ளிக்கொண்டு எங்களைக் கடந்து போனார்.

"இத ஏன் எங்கிட்ட சொன்னீங்க?"

"உங்களுக்குத் தெரியணும்னு…"

"குடிச்சாரு, செத்தாருன்னு இருந்தா நான் வீட்டுக்குப் போயித் தூங்குவேன். அழுதுட்டாவது தூங்குவேன். இனிமே நான் எப்படித் தூங்குறது? நாக்கு வறண்டு கெஞ்சினாரு தம்பி. நாக்கக் காட்டினாரு. நடிக்காதன்னேன்."

என் கையில் இருந்த பார்வையாளர் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா திடீரென்று எழுந்தார். "வாங்க. நீங்களே அவர்கிட்ட சொல்லுங்க."

"அக்கா, அவருக்குக் கேக்குமான்னு…"

"சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டாரு."

உள்ளே போனோம். அண்ணன் சின்ன ஆளாகக் கிடந்தார். தண்ணீரை எல்லாம் இறைத்த பிறகு கன்னம் உள்ளே போய், கால் குச்சியாக இருந்தது. டாக்டர் அம்மா சொன்னது சரிதான், சதையே இல்லை. வாயில் குழாய், அதை ஒட்டிப் பிளாஸ்திரி. நான் குனிந்தேன்.

"அண்ணே, பிச்சை வந்திருக்கேன். சென்டர்ல கம்ப்யூட்டர் கோளாறுண்ணே. உங்க எண்ண அது வாங்கவே இல்ல. தப்பு அதுல. நீங்க குடிக்கல. எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு."

இமை அசையவில்லை. மூச்சு விடும் இயந்திரம் அதன் பாட்டுக்கு ஏறி இறங்கியது. இன்னொரு முறை சொன்னேன், கொஞ்சம் சத்தமாக. எடை சொல்கிற குரல் அது என்று எனக்கே கேட்டது. நிறுத்திக்கொண்டேன்.

ரமணி அக்கா அவர் பக்கத்தில் வரவில்லை. கட்டிலின் கால்பக்கம் ஒரு நர்ஸ் கம்ப்யூட்டரில் என்னவோ தட்டிக்கொண்டிருந்தாள், அவளிடம் போய் நின்றார். சின்னப் பெண், இமான் என்று சட்டையில் பெயர் இருந்தது. பக்கத்தில் டயாலிசிஸ் இயந்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள்.

"டிரை வெயிட் என்ன போட்டிருக்கீங்க?" என்று மலாயில் கேட்டார்.

"ஐம்பத்தொன்பது, மாக்சிக்," என்றாள், பெரியம்மா என்கிற மாதிரி.

"சிம்பான் பண்ணியாச்சா?"

"பண்ணியாச்சு."

"மூடுங்க."

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தாள்.

"மூடிட்டுத் திரும்பத் தொறங்க. நான் பாக்கணும்."

பார்வை நேரம் முடிகிறது என்று அவள் சொல்லியிருக்கலாம், இதெல்லாம் வெளியாட்களுக்குக் காட்டுவதில்லை என்றும் சொல்லியிருக்கலாம். அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடினாள். திரை வெறுமையானது. மறுபடி அண்ணனின் பெயரைத் தட்டினாள், ஏ, கோடு, எல், அப்பா பெயர். பக்கம் வர நேரம் எடுத்தது. அக்கா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அண்ணனின் பெயர் வந்தது, வயது வந்தது, பிறகு எடை வந்தது. ஐம்பத்தொன்பது.

"இன்னொரு தடவை," என்றார் ரமணி அக்கா.